இருபத்திரண்டும் எழுபத்தொன்றும்

படம் பார்க்கும் அறையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்ததே பக்தவத்சலத்துக்குப் பிடிக்கவில்லை. அது இருட்டாக இருக்க வேண்டிய அறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக, அந்த அறைக்குள் நுழைந்தால் அவர் முதலில் கதவைச் சாத்துவார். கறுப்புத் துணியை இழுத்து ஓரங்களைச் செருகுவார். நாற்காலியைக் கையால் தடவி உட்கார்ந்து பத்து நிமிடம் அசையாமல் இருப்பார். வெயிலில் நடந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளிச்சப் பெட்டியின் சுவிட்சைத் தட்டி, அன்றைக்கு வந்த எக்ஸ்ரே படங்களை ஒவ்வொன்றாக அதன் கண்ணாடிமேல் வைப்பார். மனிதர்களின் படம் அல்ல, இரும்பின் படம். வார்த்தெடுத்த வால்வுக்குள் வெளியே தெரியாத விரிசல் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக எடுத்தது. சாம்பல் நிறத்துக்குள் சற்றே கறுத்து மயிரிழைபோல ஒரு கோடு தெரியும். அது இரும்புக்குள் இருக்கும் விரிசலா, படத்தைக் கழுவும்போது விழுந்த கீறலா என்று சொல்ல வேண்டியது அவர் வேலை.

பதிவேட்டில் அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டால் வால்வு லாரி ஏறும். இரண்டாவதில் போட்டால் உடைத்து மறுபடி உலைக்குப் போகும். மூன்றாவது, சந்தேகமாக இருந்தால் வேறு கோணத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்வதற்கு. அந்த மூன்றாவது கட்டத்தை அவர் தொட்டதே இல்லை. மற்ற தொழிற்சாலைகளில் படம் பார்ப்பவர்கள் பக்கத்துக்கு நான்கு முறை அதில் கையெழுத்துப் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சம்பளம் வாங்கிக்கொண்டு தெரியாது என்று எழுதுகிற ஆட்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பார்த்தால் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

அன்றைக்கு விளக்கைப் போட்டவள் ஜமீலா. பூந்தமல்லிப் பெண். பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படித்துவிட்டு அதிலேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தெளிவில்லாத ஒன்றைப் பார்க்கும்போது மனிதனின் மூளை எப்படி முடிவுக்கு வருகிறது என்பது அவள் ஆராய்ச்சி. மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தை மாதம் முழுவதும், அதாவது தொண்ணூற்று நான்காம் வருடம் பிறந்த கையோடு, வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். தொழிற்சாலையின் பழைய படங்களிலிருந்து மங்கலானவையாகப் பொறுக்கியெடுத்து, மூலையில் இருந்த வார்ப்பு எண்மேல் கறுப்பு டேப் ஒட்டி, தன் எண் ஒன்றை எழுதி நீட்டுவாள். விரிசல் உண்டா, இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். பிறகு, அந்த முடிவில் அவருக்கு எவ்வளவு நிச்சயம் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். நூற்று இருபது முறை படம் நீட்டினாள். நூற்று இருபதுக்கும் அவர் ஐந்து என்றே சொன்னார். கடைசி வாரம் அவள் கேட்பதற்கு முன்பே விரல் ஐந்தையும் விரித்துக் காட்டிவிடுவார்.

இப்போது அவள் மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். படங்களைக் கழுவிக் காயவைக்கும் கன்னியப்பன், கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றான். அவருக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவான்.

நூற்று இருபதில் முப்பது படங்கள் இரண்டு முறை வந்தவை என்று ஜமீலா சொன்னாள். வேறு எண் போட்டு, வேறு நாளில். அந்த முப்பதில் ஒன்பது படங்களுக்கு அவர் முதல் முறை ஒன்றும் இரண்டாம் முறை வேறொன்றும் சொல்லியிருக்கிறார்.

"படம் மாறிப் போயிருக்கும்" என்றார் பக்தவத்சலம்.

அவள் மறுக்கவில்லை. உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கன்னியப்பனிடம் கொடுத்தாள். ஒரு ஓரத்தில் இருபத்திரண்டு என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே எழுபத்தொன்று. கன்னியப்பன் நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வார்ப்பு எண்ணை வாய்க்குள் படித்தான். தானே கழுவிய படம்தான், எண்பத்தொன்பதாம் வருடத்தது என்றான். இருபத்திரண்டாக வந்தபோது விரிசல் இல்லை. எழுபத்தொன்றாக வந்தபோது விரிசல் உண்டு. இரண்டு இடத்திலும் அவருடைய ஐந்து.

இன்னொன்றையும் அவள் சொல்லித்தானாக வேண்டியிருந்தது. இரண்டாம் முறை கொடுத்தபோது சில படங்களோடு ஒரு சின்னச் சீட்டு வைத்திருந்தாளாம். இந்த வார்ப்பு வந்த உலையில் அந்த வாரம் கோளாறு இருந்தது என்று எழுதிய சீட்டு. அவருக்கு நினைவிருந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்த சீட்டுதான். அதை வைத்து முடிவு செய்ததாக அவருக்குத் தோன்றவேயில்லை. ஆனால் மாறிய ஒன்பதில் ஏழு, சீட்டு வைத்த படங்கள்.

கன்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக ஏதாவது சொல்ல நினைத்தான். "இதுக்கு இன்னா அண்ணாத்தே? என் பொண்டாட்டி மூஞ்சியே காலைல ஒரு மாரி கீது, சாயங்காலம் ஒரு மாரி கீது. படம் இன்னா பண்ணும், பாவம்" என்றான். யாரும் சிரிக்காததால் தொட்டியில் படம் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

ஜமீலா விளக்க முயன்றாள். கண் வாங்குவதெல்லாம் பின்மண்டைக்குப் போகிறது. அங்கிருந்து வருகிற சேதியைப் பக்கத்திலிருக்கும் வேறொரு இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எடைபோடுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருப்பது, நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் எதிர்பார்ப்பதையும் கொண்டுவந்து அந்தத் தட்டில் வைக்கிறது. வெளிநாட்டில் ஆளை இயந்திரத்துக்குள் படுக்கவைத்து எந்த இடம் எப்போது வேலை செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் முடிவு நடப்பதாகத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இதையெல்லாம் அவள் தன் மண்டையையே தொட்டுத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். அவர் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கோடு பளிச்சுனு இருந்தா கண்ணு சொல்றதுதான் சார் ஜெயிக்கும். மங்கலா இருந்தா, நாம எதிர்பாக்கறது ஜெயிச்சிடும். ஆனா நம்மகிட்ட வந்து சேரும்போது ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாத்தேன்னுதான் தோணும்."

இது எல்லோருக்கும் நடப்பது என்றாள். இன்னும் மூன்று தொழிற்சாலைகளில் நான்கு பேரை இப்படிச் சோதித்ததாகவும், அவர்களைவிட இவர் குறைவாகத்தான் தவறியிருப்பதாகவும் சொன்னாள். அது ஆறுதல் சொல்வதாக இருந்ததால் அவருக்குக் கோபம் வந்தது. அப்படியானால் தன்னிடம் என்ன குறை என்று நேராகக் கேட்டார்.

அவள் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "அவங்க ரெண்டு, மூணுன்னெல்லாம் போட்டாங்க சார். ரெண்டு போட்ட எடத்துலதான் தப்பும் பண்ணாங்க. எங்க தவறுவோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. நீங்க எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டீங்க."

அவர் எழுந்து விளக்கை அணைத்தார். அவள் திகைத்து நின்றாள். வெளிச்சப் பெட்டியைப் போட்டு அந்தப் படத்தை அதன்மேல் வைத்துக் குனிந்தார். கோடு இருந்தது. இடது பக்கம் விளிம்புக்குச் சற்று மேலே, நூலாம்படைபோல, வளைந்து. விரிசல்தான். விரிசல் என்றால் நுனி கூராக முடியும் என்று நுனியைத் தேடினார். நுனி இல்லை. அங்கே வெறும் சாம்பல்தான் பரவிக்கிடந்தது. கண்ணை மூடித் திறந்தபோது முன்பு பார்த்த இடத்தில் கோடே இல்லை. இன்னும் சற்று நேரம் பார்த்தபோது மறுபடி வந்தது. அது வருவதையும் போவதையும், தான் ஒன்றும் செய்யாமலே அது நடப்பதையும், அவர் ஒரு மூன்றாம் மனிதனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடத்தில் ஒரு படத்தை அவ்வளவு நேரம் அவர் பார்த்ததில்லை. எதையும் அரை நிமிடத்துக்குமேல் பார்க்கத் தேவையிருந்ததில்லை.

நிமிராமலே கேட்டார்: "ரோட்டுல போற ஆளைப் பாக்கறதும் இப்படித்தானா?"

"எல்லாமே இப்படித்தான் சார். சாயங்கால வெளிச்சம்னா கேக்கவே வேணாம்" என்றாள் ஜமீலா. எதற்குக் கேட்டார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவைக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. சரி, நீ போம்மா என்றார்.

வீட்டு விஷயம் தெருவுக்குத் தெரியக் கூடாது என்று ஏழு வருடமாகக் காத்து வந்தவர் அவர். எண்பத்தாறாம் வருடம், தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. மகள் கஸ்தூரி எஸ்டேட்டிலேயே சுவிட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வயது. அந்த வாரம்தான் சம்பத் என்ற மேஸ்திரி டீக்கடையில் இவர் பக்கம் சாய்ந்து, உங்கள் பெண் வெல்டர் பையன் ஒருவனோடு கேட் அருகே பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், தப்பாக நினைக்காதீர்கள், ஒரு அண்ணன்போலச் சொல்கிறேன் என்றான். பக்தவத்சலம் டீயை முழுதாகக் குடித்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, என் வீட்டுப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம், மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர்ச்சாரியில் ஒரு மொபெட் போனது. ஓட்டியவன் முகம் தெரியவில்லை. பின்னால் ஒரு பெண். மஞ்சள் சேலை, அரக்குக் கரை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். கஸ்தூரி அப்படித்தான் பிடிப்பாள். இருட்டும் வெளிச்சமும் கலந்த நேரம், ஒரு லாரி போய் இன்னொரு லாரி வருவதற்குள், நாலைந்து முறை இதயம் அடிக்கிற நேரம். அவர் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு அவள் இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். பஸ் வரவில்லை என்றாள். அதே மஞ்சள் சேலை, அரக்குக் கரை. யாரோடு வந்தாய் என்று கேட்டார். அவளுக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் கோபப்படக்கூட இல்லை, ஆச்சரியத்தோடுதான் சொன்னாள்.

"நைனா, அது நான் இல்ல. வேற யாரயோ பாத்துட்டு வந்து கேக்கறீங்க."

கண்ணால் பார்த்தேன் என்றார். அவர் மனைவி சுசீலா அடுப்படியிலிருந்து வந்து, அந்தச் சேலை சொசைட்டியில் மூட்டை மூட்டையாக வந்ததுதானே என்றாள். அது உண்மை. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தீபாவளிக்கு முன்னதாகத் துணி வரும். ஒரே இடத்தில் மொத்தமாக எடுப்பதால் ஒரு வருடத்துக்கு ஒரு தினுசு. அந்த வருடம் மஞ்சளும் அரக்கும். பண்டிகை வந்தால் தெருவே ஒரு பள்ளிக்கூடம்போல ஒரே உடையில் நடமாடும். இந்த எஸ்டேட் ஆட்களுக்கு அது கேலிப்பேச்சு. சுசீலா சொன்னதை அவர் முழுவதும் சொல்லவிடவில்லை. எத்தனையோ ஊரில் கொதிநீரும் அமிலமும் ஓடுகிற குழாய்களுக்கு வால்வு போகிறதே, அதெல்லாம் என் ஒருவன் கண்ணை நம்பித்தான் போகிறது, எனக்கு என் மகளை அடையாளம் தெரியாதா என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை. மறுநாள் முதல் அவள் வேலைக்குப் போகவில்லை. தை பிறந்ததும், பூந்தமல்லியில் அரிசி ஆலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்த ராஜசேகரனுக்குக் கட்டிக்கொடுத்தார். தூரத்து உறவு, அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவன். நல்ல மனிதன்தான், யாரும் ஒரு குறை சொல்ல முடியாத மனிதன். குடும்பத்தின் பேர் கெடாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டதாக அவர் நினைத்தார். புறப்படும்போது அவள் காலில் விழுந்து எழுந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

"அது நான் இல்லைன்னு என்னிக்கு உங்க வாயால சொல்றீங்களோ, அன்னிக்கு இந்த ஊட்டுக்கு வர்றேன் நைனா."

ஏழு வருடம் ஆயிற்று. தலைப் பிரசவத்துக்கும் வரவில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தது சுசீலா சொல்லித்தான் தெரியும். சுசீலா மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, தூக்குப் பாத்திரத்தோடு புறப்படுவாள். எந்தக் கோயில் என்று அவர் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் தான் காட்டக்கூடிய தாராளம் என்று நினைத்தார். சொல்லிவிடலாமே என்று ஒருமுறை அவளே கண்கலங்கிக் கேட்டபோது, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்றார். அது அவர் பிடிவாதம் மட்டும் அல்ல. அவருக்குப் பொய் சொல்ல வராது. கண்ணை மூடினால் அந்த மொபெட் போகும், பின்னால் கஸ்தூரியின் முகம் தெரியும். இத்தனை வருடத்தில் அது மங்கவேயில்லை. உண்மையில் வருடம் போகப்போக இன்னும் தெளிவாகிக்கொண்டே வந்தது.

ஜமீலா போன பிறகு அவர் அந்த முகத்தைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மொபெட் எந்தத் திசையில் போனது? இடமிருந்து வலமாக. அவள் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். கால் அவர் பக்கம் இருந்ததா, அந்தப் பக்கமா? கால் அந்தப் பக்கம் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்தது முதுகுதான். முதுகு தெரிந்திருந்தால் மடியில் இருந்த கைப்பை எப்படித் தெரிந்தது? எதை முதலில் பார்த்தார், எதைப் பிறகு சேர்த்துக்கொண்டார் என்று பிரித்தெடுக்கப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன. சாயங்காலம் சைரன் ஊதும்வரை வெளிச்சப் பெட்டி காலியாக எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வந்த ஆறு படங்களையும் அவர் தொடவில்லை.

வீட்டில் சுசீலா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார். அவருக்கே தன் குரல் யாரோ பேசுவதுபோல இருந்தது.

"அந்த மஞ்சச் சேலை, எத்தனை வீட்டுல வாங்கினாங்க?"

எந்தச் சேலை என்று அவள் கேட்கவில்லை. கரண்டி அந்தரத்தில் நின்றது. மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் அவள். வீட்டில் கீது, இன்னா என்று பேசுவது அவருக்குப் பிடிக்காது என்பதால் கல்யாணமான நாளிலிருந்து நாக்கை அடக்கியே பேசிப் பழகியிருந்தாள்.

"இப்ப இன்னாத்துக்கு?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் அவளே விரல் மடக்க ஆரம்பித்தாள். பேபி வீட்டில் ஒன்று, வேம்புலியம்மாள் வீட்டில் அக்கா தங்கைக்கு இரண்டு, தண்ணித்தொட்டித் தெருவில் ஏழு, ரகுநாதன் பெண்டாட்டிக்கு ஒன்று. தனக்குத் தெரிந்தே பதினொன்று என்றாள். அதில் கஸ்தூரி வயதுப் பெண்கள் ஐந்து பேர். எல்லாவற்றையும் அவள் யோசிக்காமல் சொன்னாள். எத்தனையோ முறை எண்ணியவள் சொல்வதுபோல இருந்தது. பிறகு கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அது கஸ்தூரி இல்லைன்னு இப்ப தோணுதா உங்களுக்கு?"

"தெரியல."

"அப்ப கஸ்தூரின்னு தோணுதா?"

"அதுவும் தெரியல சுசீலா."

அவள் சந்தோஷப்படுவாள் என்றோ அழுவாள் என்றோ அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் இரண்டும் செய்யவில்லை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றில் ரசம் இறங்கி அடியில் தேங்கியது.

"தெரியலன்ற இந்த ஒரு சொல்லுக்கா ஏழு வருஷம்?" என்றாள் மெதுவாக. "அன்னிக்கே சொல்லிருந்தா அது ஒரு சொல்லாவே இருந்திருக்காதே. சாப்ட்டு தூங்கிருப்போம்."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம்கூட வரவில்லை. அந்த வீட்டில் ஏழு வருடமாகவே சத்தம் குறைவுதான். இரண்டு பேர் இருக்கும் வீடு என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவள் எந்நேரமும் தன் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது, அந்தக் காது இப்போது இல்லை என்று தெரிந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. கை கழுவிவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போகிறேன், வருகிறாயா என்று கதவோரம் நின்று கேட்டார். முதுகைக் காட்டியபடியே, நீங்கள் போங்கள், நான் வந்தால் நான் கூட்டிவந்ததாக ஆகிவிடும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகப் புறப்பட்டார். வெயில் கடுமையாக இருந்ததால் ஒரு துண்டை எடுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் அந்த வாக்கியத்தை மனதுக்குள் பலவிதமாக அமைத்துப் பார்த்தார். அது நீ இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் கேட்டது அதைத்தான். ஆனால் அது அவருக்குத் தெரிந்த ஒன்று இல்லை. ஒரு பொய்யைக் கொடுத்து மகளைத் திருப்பி வாங்குவது இன்னொரு அவமானம், அவளுக்கும் அவமானம். பார்த்தது நீதானா என்று எனக்குத் தெரியாது, தெரியாமலே உன்னைத் தண்டித்துவிட்டேன் என்பதுதான் அவர் சொல்லக்கூடியது. அது அவளுக்குப் போதுமா என்று தெரியவில்லை. நான் கேட்டது இது இல்லை நைனா என்று அவள் கதவைச் சாத்தினால் அவர் திரும்பி வர வேண்டியதுதான். சாத்த அவளுக்கு உரிமை உண்டு. பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடி நிறுத்தத்தில் இறங்கினார்.

சுசீலா சொன்ன அடையாளப்படி தெருவைக் கண்டுபிடித்தார். தெருவின் ஒரு கோடியில் வரிசையாக நான்கு வீடுகள், எதிரே காலி மனைகள், நடுவே ஒரு வேப்பமரம். மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. வாசலில் குழந்தையின் ரப்பர் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், பொன்னியம்மா என்று பிறகு தெரிந்தது, முறத்தில் அரிசி புடைத்தபடியே அவரை அளந்தாள்.

"கஸ்தூரியா? மாவு மில்லுக்குப் போயிகீது. வர்ற நேரந்தான். நீங்க யாரு?"

"அவ அப்பா."

முறம் நின்றது. "அதுக்கு அப்பா கீறாரா? அம்மாதான் வரும் மாசத்துக்கு ஒருவாட்டி. உங்களப் பத்தி ஒரு நாளும் பேசினதில்ல. காலமாயிட்டாருன்னு நெனச்சிகினு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தலையசைத்தார். உள்ளே வந்து உட்காருங்கள், மோர் தருகிறேன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். வேண்டாம், நிற்கிறேன் என்றார். மகள் வீட்டுச் சுவரோரம்கூட உட்காரவில்லை. அவள் உட்காரச் சொல்லாத இடத்தில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் நிழலில் நின்று, தெரு வந்து சேரும் பக்கம் பார்த்தார்.

உச்சி வெயில். காலி மனைகளின் மணல் வெள்ளையாக எரிந்தது. தெரு முனையில் ஒரு லாரி திரும்பிப்போன புழுதி கீழே இறங்காமல் நின்றது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். மூவர் இடுப்பிலும் மாவு டின். கூடவே ஒரு சின்ன உருவம் முன்னும் பின்னுமாக ஓடியது. கானலில் அவர்கள் கால்கள் தரையைத் தொடாமல் நெளிந்தன. முகம் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் வருகிறவள்தான் என்று அவருக்குள் ஏதோ உடனே சொல்லியது. தோளை லேசாக இடப்பக்கம் சாய்த்து நடக்கிறாளே, அதுதான் அவள் நடை என்றது. அவள் மில்லிலிருந்து வரும் நேரம் என்று இப்போதுதானே கேட்டாய் என்று அவரே அதற்குப் பதில் சொன்னார். டின்னை இடுப்பில் வைத்தால் எந்தப் பெண்ணும் அப்படித்தான் சாய்வாள். இடப்பக்கத்தில் வருபவளாகவும் இருக்கலாம். மூவரில் யாருமே இல்லாமலும் இருக்கலாம். ஏழு வருடத்தில் அவள் எப்படி மாறியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. முடிவுக்கு வரத் துடித்த ஒன்றை, ஓடப்பார்க்கும் கன்றைக் கயிற்றில் பிடிப்பதுபோல, அவர் பிடித்துக்கொண்டு நின்றார். வரட்டும். கிட்டே வரட்டும்.

அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். பேச்சு கேட்கவில்லை, ஒரு சிரிப்பின் சத்தம் மட்டும் காற்றில் வந்து சேர்ந்தது. அப்போதுதான் அவருக்குத் தோன்றியது, தான் நிற்பது மரத்தின் நிழலுக்குள், தலையில் துண்டோடு. வெயிலில் வருகிற கண்ணுக்கு இங்கே யாரோ ஒரு ஆள் நிற்பதுதான் தெரியும். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நிழலைவிட்டு நாலைந்து அடி முன்னால் நடந்து, தெருவின் நடுவில், வெயில் முழுவதும் முகத்தில் விழும்படி நின்றார்.

மூவரில் ஒருத்தி நின்றுவிட்டாள். மற்ற இருவரும் இரண்டடி போன பிறகு திரும்பிப் பார்த்தார்கள். அவள் டின்னை இறக்கவில்லை. குழந்தையின் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, அந்தக் கையை நெற்றிக்குமேல் வைத்துக் கண்ணை இடுக்கி, அவரைப் பார்த்தபடியே நின்றாள்.